அக்காவுக்கும் ஒரு பேட்டிங்: ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் சாஃப்ட்பால் அணியை உங்க ஊரில் தொடங்குவது எப்படி?

காணும் பொங்கல் அன்று சேரப்பணஞ்சேரியில் இருக்கும் சொந்தக்காரங்க வீட்டில் பதினாறு பேர் கூடினோம். சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல பக்கத்துத் திடலில் கிரிக்கெட். பசங்க இரண்டு அணியாகப் பிரிந்தாங்க. பெரியப்பா மகளைப் பார்த்து, "அக்கா, நீங்க ஸ்கோர் எழுதுங்க" என்றார்கள்.

அக்காவுக்கு வயது 27. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பள்ளியில் த்ரோபால் அணித் தலைவி. வேலைக்கு வந்த பிறகு பந்தையே தொட்டதில்லை. அன்றைக்கும் ஸ்கோர்தான் எழுதினாங்க. கடைசியில் 'பாவம், ஆடட்டும்' என்று நாலு பந்து மெதுவாகப் போட்டுக் கொடுத்தார்கள். வீடு திரும்பும்போது என்னிடம் கேட்டாங்க: "யாரும் பாவம் பார்க்காம, நாங்களும் சேர்ந்து ஆடற மாதிரி ஒரு விளையாட்டு இல்லவே இல்லையா?"

இருக்கு. அதுதான் ஆண்–பெண் கலப்பு சாஃப்ட்பால். அதை எப்படி ஆடுவது, ஆட இடம் எங்கே, அரசு சேவைகள் எதில் உதவும் என்று பார்க்கலாம் வாங்க.

சாஃப்ட்பால் என்றால் என்ன?

இலங்கையில் டென்னிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட்டை மென்பந்து கிரிக்கெட் என்பார்கள். நாம் பேசுவது அது இல்லை. இது பேஸ்பாலின் தங்கை மாதிரி. 1887 நவம்பரில், அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு படகு கிளப்பில் நண்பர்கள் கூடியிருந்தபோது, ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டி எறிய, இன்னொருவர் கையில் கிடைத்த கம்பால் அதை அடித்தார். அங்கிருந்த ஜார்ஜ் ஹான்காக் அதற்கு விதிகள் எழுதினார். ஆக, பிறக்கும்போதே இது நண்பர்கள் கூடி ஆடிய ஆட்டம்.

பெண்கள் சாஃப்ட்பால் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. 2008க்குப் பிறகு நீக்கப்பட்டு, டோக்கியோவில் திரும்பி வந்தது. 2008லும் டோக்கியோவிலும் தங்கம் வென்றது ஜப்பான். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் இது உண்டு. ஜப்பானில் பெரிய தொழிற்சாலைகளே மகளிர் சாஃப்ட்பால் அணிகளை நடத்துகின்றன. தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும் நம்ம பகுதிக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஐந்து நிமிடப் பாடம்

• ஸ்டம்ப் கிடையாது. சாய்சதுரமாக நாலு 'பேஸ்'. பந்தை அடித்துவிட்டு மூன்று பேஸையும் வரிசையாகத் தொட்டு, அடித்த இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன்.

• பந்தைத் தோளுக்கு மேல் கையைச் சுழற்றிப் போடக் கூடாது. இடுப்புக்குக் கீழே இருந்துதான் எறிய வேண்டும்.

• அடிக்கக்கூடிய நல்ல பந்தை அடிக்காமல் விட்டாலோ, வீசித் தவறவிட்டாலோ அது 'ஸ்ட்ரைக்'. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். எறிபவர் நாலு தவறான பந்து போட்டால், அடிப்பவர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம்.

• கேட்ச் பிடித்தால் அவுட். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவரைத் தொட்டால் அவுட். ஓடியே ஆக வேண்டிய நேரத்தில், அவருக்கு முன்னால் பந்து பேஸுக்கு வந்துவிட்டாலும் அவுட்.

• மூன்று பேர் அவுட் ஆனால் எதிரணிக்கு பேட்டிங். ஒரு ஆட்டத்துக்கு ஏழு இன்னிங்ஸ்.

ஒரு எச்சரிக்கை: பெயரில் 'சாஃப்ட்' இருந்தாலும் பந்து மென்மையானது இல்லை. 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்தின் எடை ஏறக்குறைய 180 முதல் 200 கிராம். கிரிக்கெட் பந்தைவிடக் கனம். அதனால் ஃபீல்டிங் செய்பவர்களுக்குக் கையுறையும், அடிப்பவருக்கு ஹெல்மெட்டும், பின்னால் பந்து பிடிப்பவருக்கு முகக் கவசமும் வேண்டும்.

பெண்களுக்கு இடம் தருவது விதி

குடும்பமாக ஆட ஏற்றது 'ஸ்லோ பிட்ச்' வகை. பந்து வேகமாக வராது. வில் போல உயர்ந்து, இறங்கி வரும். அணிக்குப் பத்து பேர். கலப்பு ஆட்டமென்றால் ஐந்து ஆண், ஐந்து பெண். பேட்டிங் வரிசையும் ஆண், பெண், ஆண், பெண் என்று மாறி மாறித்தான் வரும். "முதல்ல பசங்க அடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னும் ஒரு விதி இருக்கு. பலமாக அடிக்கும் ஆண் வரும்போது, வேண்டுமென்றே நாலு தவறான பந்து போட்டு அவரை நடக்கவிட்டு, அடுத்து வரும் பெண்ணை 'சுலபமாக' அவுட் ஆக்கலாம் என்று ஒரு அணி கணக்குப் போடலாம். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் கலப்பு விதிப்படி, அப்படி நடக்கவிட்ட ஆணுக்கு ஒரு பேஸ் இல்லை, இரண்டு பேஸ். குறுக்குவழி போகிறவருக்குத்தான் நஷ்டம். அதே விதியில் ஆண்கள் 12 அங்குலப் பந்தையும், பெண்கள் 11 அங்குலப் பந்தையும் அடிப்பார்கள்.

அக்கா கேட்டதற்கு பதில் இதில்தான் இருக்கு. இங்கே பெண்ணுக்கு பேட்டிங் கொடுப்பது யாருடைய பெருந்தன்மையும் இல்லை. அவர் முறை வந்தால் அவர்தான் அடிக்க வேண்டும். அவர் இல்லாமல் ஆட்டமே நகராது.

மட்டையே இல்லாமலும் தொடங்கலாம்

இவ்வளவு சாமான் வாங்க இப்போதைக்கு முடியாது என்பவர்களுக்கு 'பேஸ்பால்5' இருக்கு. உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பு உருவாக்கிய இந்த ஆட்டத்துக்கு ஒரு ரப்பர் பந்து போதும். மட்டை இல்லை, கையுறை இல்லை. பந்தைக் கையாலேயே அடிக்கணும். அணிக்கு ஐந்து பேர், ஐந்து இன்னிங்ஸ். பேஸ்களுக்கு நடுவே 13 மீட்டர்தான் தூரம் என்பதால் சின்ன திடலே தாராளம்.

சர்வதேசப் போட்டிகளில் இதுவும் கலப்பு அணிதான். களத்தில் எப்போதும் குறைந்தது இரண்டு ஆண், இரண்டு பெண் இருக்க வேண்டும். முதல் உலகக் கோப்பை 2022ல் மெக்சிகோ நகரில் நடந்தது, வென்றது கியூபா. 2026ல் செனகல் நாட்டின் டாக்கரில் நடக்கும் இளையோர் ஒலிம்பிக்கிலும் இது இடம்பெறுகிறது. முதல் மாதம் இதை ஆடிப் பழகிவிட்டு, பிறகு சாஃப்ட்பாலுக்கு மாறினால் செலவும் குறையும், காயமும் குறையும்.

இடம் எங்கே? உங்க மொபைலிலேயே பாருங்க

படப்பை, சேரப்பணஞ்சேரி, ஒரகடம் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும்: இன்றைக்குக் காலியாக இருக்கும் இடத்தில் நாளைக்கு வேலி வந்துவிடும். அதனால் ஆடுவதற்கு முன்பே அந்த இடம் யாருடையது என்று தெரிந்துகொள்வது நல்லது.

1. தமிழ்நாடு புவியியல் தகவல் அமைப்பு இணையதளத்தின் வரைபடத்தில் உங்க இடத்தைத் தேடித் தொடுங்க. புல எண் தெரியும்.

2. வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' மின்சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து அ-பதிவேட்டைப் பாருங்க. பட்டா நிலமா, அரசு நிலமா, என்ன வகை என்று அதில் இருக்கும்.

3. பட்டா நிலம் என்றால் உரிமையாளர் அனுமதி அவசியம். ஏரி, குளம், மேய்க்கால் என்று பதிவாகியிருந்தால் அதை நிரந்தர மைதானமாக மாற்ற முயற்சிக்க வேண்டாம். கோடையில் வறண்ட ஏரியில் ஆடுபவர்களும் அங்கே எதையும் கட்டாமல், குப்பை போடாமல் வரணும்.

4. மனைப்பிரிவில் குடியிருப்பவர்கள் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்க. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. அந்த இடம் உங்க எல்லாருக்கும் பொது.

5. அருகில் அரசுப் பள்ளி இருந்தால், விடுமுறை நாள் காலையில் ஆட அனுமதி கேட்டுத் தலைமை ஆசிரியரிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்க.

கிராம சபையில் கேளுங்க

ஊருக்கு ஒரு பொது மைதானம் வேண்டும், அதில் பெண்கள் ஆட வாரத்தில் நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்கச் சரியான இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம். வாய்ப்பேச்சாகக் கேட்டுவிட்டு வராமல், தீர்மானப் புத்தகத்தில் பதிவாகிறதா என்று பாருங்க. மைதானத்தில் இடம் கிடைப்பதும் யாருடைய பெருந்தன்மையையும் நம்பி இருக்கக் கூடாது, இல்லையா?

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபை உறுப்பினர்கள். வேலைக்காக வேறு மாவட்டத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், படிவம் 8 மூலம் வாக்காளர் முகவரியை ஆன்லைனில் மாற்றிக்கொள்ளலாம்.

சாமான், பயிற்சி, போட்டி

ஊராட்சிகளுக்கு 2024 முதல் 'கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட்' வழங்கப்பட்டது. அதில் 33 வகைப் பொருட்கள். உங்க ஊராட்சி அலுவலகத்தில் போய், என்னென்ன பயன்பாட்டில் இருக்கு என்று கேளுங்க. கையுறைக்கு ஒரு யோசனை: இரண்டு அணிக்கும் சேர்த்துப் பத்து ஜோடி வாங்க வேண்டியதில்லை. ஒரு கைக்குத்தான் கையுறை, அதுவும் ஃபீல்டிங் அணிக்கு மட்டும். அவர்கள் பேட்டிங் வரும்போது எதிரணியிடம் கொடுத்துவிடலாம். பத்து உருப்படி இருந்தால் இரண்டு அணியும் ஆடலாம். இடது கைக்காரர்களுக்கு மட்டும் தனியாகப் பாருங்க.

பயிற்சியாளர், போட்டி விவரங்களுக்குக் காஞ்சிபுரத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தை அணுகலாம். கபடி, வாலிபால், பேட்மிண்டன் போன்றவற்றில் திறமை உள்ளவர்கள் முதலமைச்சர் கோப்பைக்கும் ஆன்லைனில் பதிவு செய்யலாம். அதன் பொதுப்பிரிவுக்கு வயது 15 முதல் 35 வரை.

ஷிப்ட்டும் பாதுகாப்பும்

வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய, 18,720 பேர் தங்கும் பெண் பணியாளர் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இந்தப் பகுதியில் எத்தனை இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள் என்பதற்கு அந்த எண் ஒன்றே போதும். ஆனால் எல்லாருக்கும் ஞாயிறு லீவு இல்லை. அதனால் பத்து பேர் அணிக்குப் பதினாறு பேரைச் சேர்த்து வையுங்க. ஷிப்ட் மாறும் வாரம் வராதவரை அணியிலிருந்து எடுக்காதீங்க. நைட் ஷிப்ட் முடித்து நேராக ஆட வருபவரை ஓடவிடாமல் தூங்க அனுப்புங்க.

கண்டெய்னர் லாரி ஓடும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை ஓரத்துத் திடல் வேண்டாம். பந்தைத் துரத்திக் குழந்தைகள் ரோட்டுக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறும் முன் ஆட்டத்தை முடியுங்க. பெரிய காயம் என்றால் 108. பெண்கள் 'காவல் உதவி' செயலியை மொபைலில் வைத்திருங்க. பெண்கள் உதவி எண் 181. திடலில் தண்ணீர், விளக்கு போன்ற குறைகளுக்கு 1100ல் புகார் பதியலாம்.

அக்காவிடம் இந்த விதிகளை எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு ஷிப்ட் கழித்துத்தான் பதில் வந்தது: "நான் மூணாவது பேஸ்ல நிக்கறேன். ஸ்கோர் நீ எழுது."