படத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை? ஓவியம் வழி ஒரு திறனாய்வுப் பாடம்



ஒரு படத்தைக் காட்டி, "இதில் என்ன நடக்கிறது? எழுதுங்கள்" என்று நாம் எல்லாருமே கேட்டிருப்போம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். படத்துக்குக் கீழே பத்து உதவிச்சொற்கள் கொடுப்பேன். அந்தப் பத்தும் பயிற்சித்தாளில் திரும்பி வந்துவிட்டால் பாடம் வெற்றி! ஆனா, மாணவர் படத்தைப் பார்த்தாரா, சொற்களை மட்டும் பார்த்தாரா? அதை நான் யோசித்ததே இல்லை.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே (1921–1997) இதைத்தான் வங்கிமுறைக் கல்வி என்றார். ஆசிரியர் போட்டு வைக்கிறார், மாணவர் தேர்வில் எடுத்துக் கொடுக்கிறார். இதற்கு மாற்றாக அவர் முன்வைத்த திறனாய்வுக் கற்பித்தல் படங்களிலிருந்தே தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1960களின் தொடக்கத்தில், எழுதப் படிக்கத் தெரியாத உழைப்பாளிகளுக்கு அவர் முதலில் எழுத்தைக் காட்டவில்லை. ஃபிரான்சிஸ்கோ பிரென்னண்ட் என்ற ஓவியர் வரைந்த படங்களைக் காட்டினார். ஒரு படத்தில் உழவர், வீடு, கிணறு. இந்தக் கிணற்றை வெட்டியது யார்? எதற்காக வெட்டினார்? இப்படிப் பேசிப் பேசி, 'நம்ம கையாலயும் உலகத்தை மாத்த முடியும்' என்று உணர்ந்த பிறகே எழுத்துக்கு வந்தார்கள்.

இதை நம் வகுப்பில் எப்படிச் செய்யலாம்? உயர்நிலை இரண்டு மாணவர்களோடு நான் முயன்றதைச் சொல்கிறேன். எடுத்துக்கொண்ட ஓவியம், சுவா மியா டீ 1959இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு'. சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. வட்ட மேசையைச் சுற்றி மாணவர்கள். கரும்பலகை அருகே ஆசிரியர். பலகையில் மலாய் மொழியில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்?

முதல் சுற்று: பார்ப்பது

தலைப்பு, ஓவியர் பெயர் எதையும் சொல்லாமல், மூன்று நிமிடம் அமைதியாகப் பார்க்க விடுங்கள். பிறகு கண்ணால் கண்டதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். "அவங்க ஏழைங்க" என்று ஒருவர் சொன்னால், "எதைப் பார்த்துச் சொல்றீங்க?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும், காட்சியும் ஊகமும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். வாய்மொழித்தேர்வில் காணொளியைப் பார்த்துக் கருத்துச் சொல்லவும் இதே திறன்தான் தேவை.

இரண்டாம் சுற்று: கேட்பது

யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார்? கேள்வி கேட்பவர் யார், பதில் சொல்லவேண்டியவர் யார்? ஓவியர் நம்மை எங்கே நிற்கவைத்துப் பார்க்கச் சொல்கிறார்? யாரை வரையாமல் விட்டிருக்கிறார்?

என் வகுப்பில் ஒரு மாணவி, படத்தில் இருப்பவர்களைச் சுட்டி, "இவர் சீனர், அவர் மலாய்க்காரர்" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மூஞ்சிய வச்சு எப்படிச் சொல்ற? என்னையும்தான் எல்லாரும் வேற இனம்னு நினைக்கிறாங்க." வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்தக் கேள்வி என் பாடக்குறிப்பில் இல்லை. அடுத்த பத்து நிமிடம் அதைப் பற்றித்தான் பேசினோம்.

வரலாற்றை அதன் பிறகே சொன்னேன். 1959 ஜூன் மாதம் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. மலாய் தேசிய மொழியானது. சீனாவில் பிறந்து சிறுவயதில் இங்கு வந்த ஓவியர், பல இனத்தவரும் ஒரு பொதுமொழியைக் கற்கும் காட்சியை வரைந்தார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால், மாணவர்கள் அதை மட்டும்தான் படத்தில் தேடியிருப்பார்கள்.

மூன்றாம் சுற்று: வரைவது

"இன்றைய நம் தமிழ் வகுப்பை நீங்கள் வரைந்தால் யார் எங்கே இருப்பார்? பலகையில் என்ன எழுதியிருக்கும்?" வரையும் திறனுக்கு மதிப்பெண் இல்லை. தான் எடுத்த மூன்று முடிவுகளுக்குத் தமிழில் காரணம் சொல்லவேண்டும், அவ்வளவுதான். கலை ஆசிரியரோடு சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. உருவ அளவு, இடைவெளி, பார்வைக்கோணம் எல்லாம் பொருள் சொல்லும் என்பதை அவர் விளக்குவார்.

அதிகம் பேசாத ஒரு மாணவர், என்னை மிகப் பெரிதாக வரைந்திருந்தார். கையில் என்னைவிடப் பெரிய சிவப்புப் பேனா. அவருடைய இடத்தில் வெறும் நாற்காலி. ஏன் என்று கேட்டேன். "நான் பேசறேன்னா நீங்க உடனே திருத்துறீங்க சார். எல்லாரும் சிரிக்கிறாங்க. அதுனால நான் பேசறது இல்ல." என் வகுப்பில் அவர் தமிழில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து, மாணவர் பேசும்போது நான் இடைமறிப்பதில்லை. பிழைகளைக் குறித்துவைத்து, பாட இறுதியில் பெயர் சொல்லாமல் பொதுவாக விளக்குகிறேன். இந்த ஏற்பாட்டை மாணவர்களே பேசி முடிவு செய்தார்கள்.

கவனிக்கவேண்டியவை

• இரண்டு பாடவேளைகள் ஒதுக்குங்கள். ஒன்றில் முடிக்கப் பார்த்தால் மூன்றாம் சுற்று அவசரமாகிவிடும்.

• இனம், குடும்பம் பற்றிப் பேச்சு வரும். ஓவியத்தில் உள்ளவரைப் பற்றிப் பேசலாம், வகுப்பில் உள்ளவரைக் கேலி செய்யக்கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

• உங்கள் கருத்தை 'சரியான விடை' ஆக்கிவிடாதீர்கள். அப்புறம் அதுவும் வங்கிமுறைதான்.

• மாணவர் படத்தில் உங்களைப் பற்றி ஏதாவது இருந்தால், விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள். முதலில் கேளுங்கள்.

இந்தத் தவணையில் ஒரே ஓர் ஓவியத்தை எடுத்து முயன்று பாருங்களேன். உங்கள் மாணவர்கள் பலகையில் என்ன எழுதினார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.