பூந்தமல்லியில் இறங்கிய ஐரிஷ்காரர்கள்

சென்னீர்குப்பத்திலிருந்து பூந்தமல்லி டிரங்க் ரோட்டுக்கு வந்தால், வீட்டு முகவரிகளில் 'கன்டோன்மென்ட்' என்ற பெயர் இன்னும் புழங்குவதைக் காணலாம். 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி சென்னைக்கு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள், தங்கள் ரெஜிமென்ட் இருக்கும் ஊருக்குக் கிளம்பும்வரை தங்கியது இந்த முகாமில். காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் உடம்பு தேற அனுப்பப்பட்டதும் இங்கேதான். அவர்களில் ஐரிஷ்காரர்களும் ஏராளம்.

அயர்லாந்தின் வறுமை, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆள் சேர்க்க வசதியாக இருந்தது. 1825க்கும் 1850க்கும் இடையில் கம்பெனியின் வங்காளப் படையில் சேர்ந்த ஐரோப்பியச் சிப்பாய்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் ஐரிஷ்காரர்கள். சென்னையின் தொடர்பு இன்னும் நெருக்கமானது. புனித ஜார்ஜ் கோட்டையின் ஐரோப்பியப் படையிலிருந்து வளர்ந்த மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ், 1881இல் பம்பாய் ஃப்யூசிலியர்ஸோடு சேர்க்கப்பட்டு 'ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ்' என்று பெயர் மாறியது.

சிப்பாய்களில் பலர் திரும்பிப் போகவில்லை. இங்கேயே மணமுடித்து, ரயில்வேயிலும் தந்தி இலாகாவிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். பெரம்பூர், அயனாவரம் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சிலவற்றின் வேர் இப்படி அயர்லாந்துவரை நீள்கிறது. 1947க்குப் பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று கணினி முன் உட்கார்ந்து தேடுகிறார்கள்: கொள்ளுத் தாத்தா அயர்லாந்தில் எந்த ஊர்?

அயர்லாந்திலேயே இந்தக் கேள்விக்கு விடை காண்பது கடினம். 1922 ஜூன் மாதம் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகம் குண்டுவீச்சில் எரிந்தபோது, அங்கிருந்த அரசு ஆவணக் காப்பகமும் அழிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி அந்தத் தீயில் போனது. 1861 முதல் 1891 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் ஏடுகளை அரசே ஏற்கெனவே அழித்திருந்தது. 1922க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் முழுதாகக் கிடைப்பவை 1901, 1911 ஏடுகள்தான். இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்கு ஆய்வாளர்கள் நாடுவது பழைய டைரக்டரிகளை. டப்ளினுக்கு 1844 முதல் தாம்ஸ் டைரக்டரி. நாடு முழுக்க உள்ள ஊர்களுக்கு 1846, 1856, 1870, 1881, 1894 ஆண்டுகளின் ஸ்லேட்டர் டைரக்டரி. விற்பனைக்காக அச்சிட்ட புத்தகங்கள் பல வீடுகளிலும் நூலகங்களிலும் இருந்ததால் தப்பின. அரசு ஏடோ ஒரே பிரதி.

சென்னைக்கும் அப்படிப்பட்ட ஒரு வரிசை உண்டு. சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக எழும்பூரில் தொடங்கிய இல்லத்தின் பெயரைத் தாங்கிய அசைலம் பிரஸ், ஆண்டுதோறும் ஆல்மனாக் வெளியிட்டது. நாட்காட்டி, அரசு அலுவலர் பட்டியல், படைப் பட்டியல், பாதிரியார்கள், வணிகர்கள், குடியிருப்போர் என்று எல்லாம் ஒரே கட்டில். அகில இந்திய அளவில் 1885 முதல் தாக்கர்ஸ் இந்தியன் டைரக்டரி வந்தது. இவற்றின் பல தொகுதிகள் இணைய ஆவணக் களஞ்சியங்களில் படங்களாகக் கிடைக்கின்றன. 'ஃபிபிஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கத்தின் தளத்தில் பெயர் போட்டு இலவசமாகவே தேடலாம்.

டைரக்டரி தருவது ஒற்றை வரிதான்: பெயர், வேலை, இருப்பிடம். ஒரே ஒரு ஆண்டைப் பார்த்துவிட்டு மூடினால் அதில் கதையே இல்லை. பத்து ஆண்டுத் தொகுதிகளை வரிசையாகத் திறக்க வேண்டும். ஒரு பெயர் முதலில் ரயில்வே கார்டு என்று அரக்கோணத்தில் தென்படும். சில ஆண்டுகளில் ஸ்டேஷன் மாஸ்டராக ஜோலார்பேட்டையில் இருக்கும். பிறகு ஒரு தொகுதியில் அந்த மனிதர் இருந்த இடத்தில் வேறொருவர். இறந்தாரா, ஓய்வு பெற்றாரா, ஊர் மாறினாரா என்று எந்த ஆண்டின் சர்ச் பதிவேட்டில் தேட வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும். ஒரு ஆண்டின் புத்தகத்தை அதற்கு முந்தைய ஆண்டின் தகவலைக் கொண்டுதான் அச்சிட்டார்கள் என்பதால், ஒரு வருடம் முன்பின்னாகப் பார்ப்பது நல்லது.

தேடும்போது எழுத்துக்கூட்டல் பாடாய்ப்படுத்தும். 'மெக்கார்த்தி' என்ற பெயரை அந்தக் காலத்து அச்சகங்கள் 'எம்' எழுத்தும் ஒரு மேற்கோள் குறியும் போட்டுச் சுருக்கிவிடும். 'ஓ பிரையன்' சில சமயம் வெறும் 'பிரையன்' ஆகியிருப்பார். பூந்தமல்லிக்கும் ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டல்கள். மங்கிய அச்சைக் கணினி தப்பாகவும் படிக்கும். அதனால் தேடல் பெட்டி 'இல்லை' என்று சொன்னாலும், அகரவரிசைப் பக்கத்தைக் கண்ணால் ஒருமுறை பார்க்காமல் விடக்கூடாது.

இந்தப் புத்தகங்கள் யாரைப் பார்த்தன, யாரைப் பார்க்கவில்லை என்பதும் முக்கியம். ஆன்ட்ரிம் கவுண்டியில் 1814இல் பிறந்து 1838இல் சென்னை வந்த ராபர்ட் கால்டுவெல் போன்றோருக்குப் பாதிரியார் பட்டியல் இருந்தது. அதிகாரிக்குப் படைப் பட்டியல் இருந்தது. சாதாரணச் சிப்பாய் பட்டாளத்தில் இருந்தவரை ஆல்மனாக்கில் பெயரில்லாதவர். வெளியே வந்து ஒரு வேலை கிடைத்த பிறகே அச்சேறுவார். அவரை மணந்த தமிழ்ப் பெண்ணுக்கோ அந்த ஒரு வரிகூட இல்லை. அந்தக் குடும்பங்களைத் தாங்கிப் பிடித்தவர்களில் பாதிப்பேரை இப்படித் தொலைத்திருக்கிறோம். இது சிறிய இழப்பல்ல.

அவர்களைத் தேட சர்ச் ஏடுகளுக்குத்தான் போக வேண்டும். மெட்ராஸ் மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் 'என்2' என்ற வரிசையில் உள்ளன. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளத்தில் அவற்றின் படங்களைக் காணலாம். பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயர் இருக்க வாய்ப்புண்டு. பெரும்பாலும் மதம் மாறியபோது வைத்த கிறிஸ்தவப் பெயர் மட்டும். தகப்பன் கம்பெனிப் படையில் அல்லாமல் பிரிட்டிஷ் அரசிப் படையில் இருந்தவரானால், பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டபிள்யூஓ 97' வரிசையில் பணி விடுவிப்புத் தாளைத் தேடலாம். அது கிடைத்தால் பிறந்த ஊரும் கவுண்டியும் அதில் எழுதியிருக்கும். 1847 முதல் 1864 வரை அயர்லாந்தில் வீடு வீடாக, நிலம் நிலமாக எடுத்த கிரிஃபித் மதிப்பீட்டில் அந்த ஊரைத் திறந்து, அதே குடும்பப் பெயர் அங்கே யார் யாருக்கு இருந்தது என்று பார்க்கலாம்.