சராசரி சொல்லாத சங்கதி

பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் நீங்கள் வாங்கும் பீன்ஸ் கேமரன் மலைக் குளிரில் விளைந்ததாக இருக்கலாம். அதே ரகத்தைக் கிள்ளானில் நட்டால்? கொடி படரும், ஆனால் வெப்பத்தில் பூ உதிர்ந்து, காய் குறையும்.

ஒரு கற்பனைக் கணக்கு: ‘அ’ ரகம் மலையில் 10 கிலோ, சமவெளியில் 2 கிலோ காய்க்கிறது. ‘ஆ’ ரகம் 7, 5. இரண்டுக்கும் சராசரி 6தான்!

1963இல் ஆஸ்திரேலியாவின் ஃபின்லே, வில்கின்சன் இருவரும் 277 பார்லி ரகங்களைக் கொண்டு ஒரு வழி காட்டினர். பீன்ஸுக்கும் அது பொருந்தும். ஒவ்வோர் இடத்தின் பொது விளைச்சலுக்கு எதிரே ரகத்தின் விளைச்சலைக் குறித்துக் கோடு வரையுங்கள். கோடு செங்குத்தாக ஏறினால், அது வளமான இடத்துக்கான ரகம். மெல்ல ஏறினால், இடம் மாறினாலும் விளைச்சல் அதிகம் மாறாத ரகம்.

விதைப் பொட்டலத்தில் ‘அதிக விளைச்சல்’ என்றிருந்தால், “எந்த ஊரில்?” என்று கேளுங்கள்.