‘உன்னால் முடியும்’ என்று சொன்னால் போதுமா?

எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நாம் அடிக்கடி சொல்லும் வாசகம் ‘தைரியமாகச் செய், உன்னால் முடியும்’ என்பதுதான். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டுத் தலையாட்டிய மாணவர் மறுநாளும் கடைசி வரிசையில் தலைகுனிந்தே உட்கார்ந்திருப்பார். ஏன் இப்படி?

உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒரு செயலைத் தன்னால் செய்துமுடிக்க இயலும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வளர்கிறது என்றார் அவர். தானே செய்து வெற்றி காண்பது முதலாவது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது. பிறர் சொல்லும் ஊக்கச் சொல் மூன்றாவது. படபடப்பு, சோர்வு போன்ற உடல், மன நிலைகளை ஒருவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது நான்காவது. இவற்றுள் வலிமையானது முதலாவதுதான். நாம் பெரிதும் நம்பியிருப்பதோ மூன்றாவதை.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்க வேண்டிய நாளில் விடுப்பு எடுத்துவிடுவார். அவரை மேடையில் ஏற்றிவிட்டால் பயம் போய்விடும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டத்தின் நடுவில் நா குழறினால் அதுவும் ஓர் அனுபவம்தான். ‘என்னால் முடியாது’ என்பதை உறுதிசெய்யும் அனுபவம். முதல் வாரம், வகுப்பறைக்குள் இரண்டு தோழிகளோடு சேர்ந்து பாடத்தின் ஒரு பத்தியை வாசிக்கச் செய்தேன். அடுத்து, தனியாக நான்கு வரி. பிறகு ஆறாம் வகுப்புக்குப் போய் ஒரு கதை வாசித்துக்காட்டினார். தம்பி தங்கைகளின் முன்னால் அவருக்கு அவ்வளவு கூச்சம் இல்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது மேடையில் இரண்டு செய்திகள் வாசித்தார். குரல் நடுங்கத்தான் செய்தது, ஆனால் வாசித்து முடித்தார். மாவட்டப் போட்டியில் பரிசு வாங்கியவரைக் காட்டி ‘அவரைப் போல் பேசு’ என்பதைவிட, இவர் வாசித்ததைப் பார்த்துத்தான் இன்னும் இரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள்.

ஊக்கச் சொல் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதைப் பாராட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு 1998இல் வெளியானது. புதிர்க் கணக்குகளை முடித்ததும் சில குழந்தைகளிடம் ‘நீ புத்திசாலி’ என்றார்கள். வேறு சிலரிடம் ‘நன்றாக முயன்றிருக்கிறாய்’ என்றார்கள். அடுத்து மிகக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார்கள்; எல்லோரும் திணறினார்கள். அதன்பின் பழைய அளவிலேயே மீண்டும் கணக்குகள் தரப்பட்டபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள். முயற்சிக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் முன்னேறினார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொரு முடிவு. வேறு பள்ளிக் குழந்தைகளுக்குத் தம் மதிப்பெண்ணை எழுதி அனுப்பச் சொன்னபோது, கூட்டி எழுதியவர்கள் ‘புத்திசாலி’க் குழுவில்தான் அதிகம். பட்டத்தைக் காப்பாற்றப் பொய் தேவைப்பட்டிருக்கிறது. தன்னம்பிக்கை வேறு, நற்பண்பு வேறு என்று இரண்டு பாடவேளையாகப் பிரித்து நடத்த முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வகுப்புத் தேர்வுத் தாள்களை மாணவர்கள் மாற்றித் திருத்திக்கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவர் 50க்கு 19 வாங்கியிருந்தார். தேர்ச்சிக்கு 18 போதும். தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தவர், “சார், இந்த மூணு மார்க் கேள்விக்கு நான் எழுதினது தப்பு, சரின்னு போட்டிருக்கான்” என்றார். குறைத்தால் 16. நேர்மைக்குப் பரிசாக 19ஐயே விட்டுவிடலாம் என்று தோன்றும். நான் விடவில்லை. உண்மைக்கு மூன்று மதிப்பெண் விலை வைத்தால் அடுத்த முறை அந்த விலைக்காகவே உண்மை வரும். 16 என்று திருத்தினேன். “தப்பை நீயே கண்டுபிடிச்சிருக்கே, அப்போ அந்தப் பாடம் உனக்குப் பாதி புரிஞ்சுடுச்சு” என்று அவரிடம் மட்டும் சொன்னேன். தேர்ச்சி பெறாத எல்லோருக்கும் பத்து நாள் கழித்து மறுதேர்வு வைப்பது எங்கள் வகுப்பில் வழக்கம். அதில் அவர் 24 எடுத்தார். தேறாதவருக்கு மறுவாய்ப்பு உண்டு என்று தெரிந்த வகுப்பில்தான் உண்மை சொல்லும் துணிவு வரும். வாய்ப்பே இல்லாத இடத்தில் நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அவரிடம் ‘மட்டும்’ சொன்னதற்குக் காரணம் உண்டு. பதின்பருவத்தினர் எப்போதும் தம்மை ஒரு கூட்டம் கவனித்துக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள் என்று டேவிட் எல்கைண்ட் 1967இல் எழுதினார். முகப்பருவும் கிழிந்த காலணியும் ஊருக்கே தெரிவதாக நினைக்கும் வயது அது. இந்த வயதில் பலர் முன் திட்டினால் பத்து மடங்காகத் தெரியும். பலர் முன் புகழ்ந்தாலும் சிலருக்கு அப்படித்தான்.

சுவரில் வாசகங்கள் ஒட்டுவதால் மட்டும் பெரிய மாற்றம் வராது. முயன்றால் அறிவுத்திறன் வளரும் என்பதை விளக்கும் சிறு பயிற்சி ஒன்றை அமெரிக்க ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குக் கொடுத்து நடத்திய நாடளாவிய ஆய்வு 2019இல் வந்தது. குறைந்த மதிப்பெண் பெறுவோரிடம் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் சிறிதளவே. கடினமானதை முயன்று பார்ப்பதைச் சக மாணவர்கள் மதிக்கும் பள்ளிகளில் அந்தப் பயன் கூடுதலாக இருந்தது.

நாளைக்கே தொடங்கக்கூடிய ஒன்று உண்டு, செலவில்லாதது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று வினாடியாக்கியபோது விடைகள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். என் வகுப்பில் கேள்வி கேட்டதும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிறேன். முதல் வாரம் அந்த அமைதி எனக்கே சங்கடமாக இருந்தது. விடை வந்தபின்னும் உடனே ‘சரி’ என்று சொல்லாமல் இன்னொரு மூன்று எண்ணிப் பாருங்கள். பாதியில் நிறுத்திய மாணவர் மீதியையும் சொல்லிவிடுகிறார்.