ஆடலுக்குள் இருக்கும் பாடல்

சென்னையிலிருந்து வடக்கே கொல்கத்தா நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் எங்கள் புதுவாயல். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்வோர் விடியற்காலையிலேயே இங்குப் பேருந்துக்குக் காத்து நிற்பர். அவர்களுள் ஒருவன் என் பழைய மாணவன். ஒருநாள் அவன் தன் கைப்பேசியில் ஒரு நடனக் காட்சியை எனக்குக் காட்டினான். ஆணும் பெண்ணுமாக இருவர், நடப்பதுபோலவே மெல்ல ஆடிக்கொண்டிருந்தனர். “ஐயா, இது அர்ஜென்டினா நாட்டு டாங்கோ. அடுத்த அடி எதுவென்று ஆடுகிறவர்களுக்கே முன்னால் தெரியாதாம். இசையைக் கேட்டு அப்போதைக்கப்போது ஆடுவார்களாம். நம் நாட்டில் இப்படி ஏதாவது உண்டா?” என்று கேட்டான். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. அவனுக்குச் சொல்ல எண்ணிய விடையையே மாணவர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விழைகிறேன்.

முதலில் டாங்கோவைப் பற்றிச் சிறிது காண்போம். தென் அமெரிக்காவில் லா பிளாட்டா ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு கரையில் பியூனஸ் ஐரிஸ், மறு கரையில் மான்டிவீடியோ என்னும் துறைமுக நகரங்கள் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்களும், அம்மண்ணிலேயே பிறந்தவர்களும் அந்நகரங்களின் ஏழைத் தெருக்களில் கலந்து வாழ்ந்தனர். அவர்களுடைய பாட்டும் தாளமும் கலந்து பிறந்ததே டாங்கோ. செருமானியர் செய்த பாண்டோனியன் என்னும் துருத்தி இசைக்கருவி அதற்கு உயிர்க்குரலாயிற்று. ஊர்ப் பெரியவர்கள் அதனை இழிந்தோர் ஆட்டம் என்று ஒதுக்கினர். முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் பாரிஸ் நகரம் அதனைக் கொண்டாடிய பிறகே, பிறந்த ஊரின் பெரிய மாளிகைகள் அதற்குக் கதவைத் திறந்தன. 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

இனி, அம்மாணவனின் வினாவுக்கு வருவோம். நம் நாட்டில் உண்டு என்பதே என் விடை. அதற்குச் சான்றாக நான் காட்ட விரும்புபவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி அம்மையார். 1918ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த அவர், ஆடற்கலைஞரும் இசைக்கலைஞருமாக ஒருங்கே விளங்கியவர். அவருடைய பாட்டியார், வீணை வாசிப்பில் இணையற்றவர் எனப் போற்றப்பெற்ற வீணை தனம்மாள். தாயார் ஜெயம்மாள் சிறந்த பாடகி. தம்பியருள் ரங்கநாதன் மிருதங்கத்திலும் விசுவநாதன் புல்லாங்குழலிலும் புகழ்பெற்றனர். இத்தகைய இசைக் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு ஆடலின்மேல் தீராத வேட்கை எழுந்தது. தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்பப் பிள்ளை அதற்கு ஆசிரியராக அமைந்தார். மிகக் கண்டிப்பான ஆசிரியர் அவர். 1925இல், ஏழாம் வயதில், காஞ்சிபுரத்தில் பாலசரஸ்வதியின் அரங்கேற்றம் நிகழ்ந்தது.

அவருடைய ஆடலின் தனிச்சிறப்பு யாது? ஆடும்போதே அவர் பாடினார் என்பதாகும். பொதுவாக, பாடுபவர் ஒருவர், ஆடுபவர் வேறொருவர். பாடகர் ஓரடியைத் திரும்பத் திரும்பப் பாட, ஆடுபவர் அதற்குப் பொருள் காட்டுவார். ஆனால் பாலசரஸ்வதியிடம் இவ்விரண்டும் ஒரே நெஞ்சிலிருந்து பிறந்தன. கண்ணனை விரைந்து வருமாறு அழைக்கும் கன்னடப் பாடலொன்று உண்டு, வியாசராயர் இயற்றியது. அதற்கு அவர் செய்த அபிநயம் பெரும்புகழ் பெற்றது. அத்தகைய பாடலில் ‘வா’ என்னும் ஒரு சொல்லை எத்தனை வகையாக அழைக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். தாய் கொஞ்சி அழைக்கலாம், சினந்து அழைக்கலாம், ஒளிந்திருக்கும் பிள்ளையைக் காணாததுபோல் நடித்து அழைக்கலாம், இறுதியில், அப்பிள்ளை இறைவனே என உணர்ந்து கைகூப்பி அழைக்கலாம். சொல் ஒன்றே, இராகத்தின் பிடி ஒவ்வொரு முறையும் மாறுகிறது, அது மாறும்போது கண்ணும் கையும் மாறுகின்றன. இவற்றுள் எதனை, எந்த வரிசையில் காட்டுவது என்பது அந்த வேளையின் இசையே காட்டும் வழியாகும்.

டாங்கோ இருவர் கூடி ஆடுவது. நம் ஆடலோ ஒருவரே நின்று ஆடுவது. ஒன்று தெருவிலும் கூடத்திலும் வளர்ந்தது; மற்றொன்று கோயிலிலும் அரசவையிலும் வளர்ந்தது. ஆயினும், இசையைத் தன்னுள் வாங்கிக்கொண்டவனுக்கே அடுத்த அடி தானாக வரும் என்னும் உண்மை இரண்டுக்கும் பொதுவாகும். இந்தச் சுதந்தரம் பயிற்சி இல்லாதவனுக்குக் கிட்டுவதன்று. கந்தப்பப் பிள்ளையின் கண்டிப்பில் ஆண்டுக்கணக்காகத் தாளம் பழகிய பிறகே பாலசரஸ்வதிக்கு அது கைவந்தது.

1973இல் சென்னை மியூசிக் அகாதெமி, இசைவாணர்க்கு உரிய ‘சங்கீத கலாநிதி’ பட்டத்தை ஆடற்கலைஞராகிய அவருக்கு வழங்கியது. அவரது ஆடலே இசைதான் என்பதை அறிஞர் ஒப்புக்கொண்டதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா? 1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிப் பேசிய அவர், பரதநாட்டிய நிகழ்ச்சியின் அமைப்பைக் கோயிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுர வாயில்; அதன்பின் மண்டபங்களைக் கடந்து செல்வதுபோல் நிகழ்ச்சி வளர்கிறது; பதம் பாடி ஆடும்போது கருவறையின் குளிர்ந்த அமைதி கிட்டுகிறது என்பது அவர் கருத்து. சத்யஜித் ரே அவரைப் பற்றி 1976இல் எடுத்த ‘பாலா’ என்னும் படத்தை நீங்கள் இன்றும் காணலாம்.

டாங்கோவைப் போலவே இக்கலையும் பழியைச் சுமந்தது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் பல பெண்களுக்குக் கொடுமையாக முடிந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதற்கு எதிராகப் போராடினார். 1947இல் சென்னை மாகாணத்தில் அது சட்டத்தால் தடுக்கப்பட்டது. அது வேண்டிய சீர்திருத்தமே. ஆனால் வழக்கத்தின் மேல் விழுந்த பழி, கலையின் மேலும், அதனைக் காத்த குடும்பங்களின் மேலும் விழுந்தது. பலர் தம் பெண்களுக்கு ஆடல் கற்பிப்பதையே விட்டுவிட்டனர். பாலசரஸ்வதி விடவில்லை. தம் மரபை மறைக்கவுமில்லை. 1961இல் டோக்கியோவிலும், மறு ஆண்டு அமெரிக்காவிலும், அதன்பின் எடின்பரோவிலும் அதே மரபையே ஆடிக் காட்டினார். 1984இல் மறையும்வரை அதில் அவர் உறுதியாக நின்றார்.

இவ்விடத்தில் என் குறையொன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு மாணவி பெயர் கொடுத்திருந்தாள். மிக நன்றாக ஆடுவாள். விழாவுக்கு நான்கு நாள் முன்பு வந்து, “ஐயா, என் பெயரை எடுத்துவிடுங்கள், எங்கள் பாட்டி யார் என்று ஊரில் பேசுவார்கள் என அம்மா அஞ்சுகிறார்” என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் பட்டியலில் அவள் பெயரை அடித்தேன். பாலசரஸ்வதி என்று ஒருவர் வாழ்ந்தார் என்பதையாவது அன்று அவளுக்குச் சொல்லியிருக்கலாம். அறியாமல் அன்று, துணிவின்மையால் சொல்லாமல் இருந்துவிட்டேன். அப்பிழைக்கு வருந்தாத நாளில்லை.

ஆதலால், மாணவர்களே, பியூனஸ் ஐரிசின் ஆட்டத்தைக் கண்டு மகிழுங்கள், அதில் தவறில்லை. அதனோடு, அதுபோன்ற ஒன்று உங்கள் மண்ணிலும் உண்டென்பதை அறியுங்கள். ஆடக் கற்க விரும்புவோர் முதலில் பாடக் கற்றுக்கொள்ளுங்கள். குரல் வளமில்லையெனினும் செவியும் தாளமும் பழகட்டும். உங்களோடு படிக்கும் ஒருவர் மேடைக்கு வர அஞ்சி நின்றால், அவர் பாட்டி யார் என்று கேளாதீர்கள். பாட்டியிடம் என்ன கற்றார் என்று கேளுங்கள்.