ஒயில் குறைந்தால் முதலும் குறையும்

மருதமுனையிலிருந்து புடவை மூட்டையோடு பெரியகல்லாற்று ஒழுங்கைகளில் வீடு வீடாகப் போகும் எனக்கு மோட்டார் சைக்கிள்தான் கடை. ஒருநாள் உச்சி வெயிலில் அது இழுக்க மறுத்தது. எஞ்சினுக்குள் 'டக் டக்' சத்தம். கராஜில் ஒயிலை வடித்துப் பார்த்தால் பாதிதான் இருந்தது. அதுவும் கறுத்துத் தண்ணீராக ஓடியது.

காற்றால் குளிரும் எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள வரிவரியான தகடுகளில் காற்றுப் பட வேண்டும். உள்ளே எழும் சூட்டில் ஒரு பகுதியை ஒயிலும் வாங்கி வெளியே கடத்துகிறது. 100 சிசி வண்டியில் மொத்தமே ஏறக்குறைய ஒரு லீற்றர். அது பாதியானால் மிச்சம் கூடுதல் சூட்டைச் சுமக்கிறது. சூடு ஏற ஏற ஒயில் இளகி, இரும்போடு இரும்பு உரசத் தொடங்கும். 10 பாகை செல்சியஸ் கூடினால் ஒயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

பிழை என்னுடையதே. ஒவ்வொரு படலையிலும் எஞ்சினை நிறுத்தாமலே விலை பேசினேன். (சாரம் ஒன்றுக்குப் பத்து நிமிடப் பேரம்!) முன்னால் தொங்கிய பை காற்றை மறைத்தது. தகடுகளில் மணலும் சேறும் அப்பியிருந்தன.

இப்போது படலையில் எஞ்சினை நிறுத்துகிறேன். பை பின்னால் போய்விட்டது. வாரம் ஒருமுறை, வண்டியைச் சமதரையில் நிமிர்த்தி ஒயில் மட்டம் பார்க்கிறேன். கையேட்டில் சொன்ன 20டபிள்யூ-50 ஒயிலைத் தவிர வேறொன்றும் ஊற்றுவதில்லை. கொதிக்கும் எஞ்சினில் மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், வெடிப்பு விழலாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் மீண்டும் திறந்தது. அவ்வளவு காலமும் என் வீட்டு அடுப்பை எரித்தது இந்தப் பழைய வண்டிதான்.