மனச்சோர்வு நோயும் தொலைவழிச் சிகிச்சையும்

துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. உற்றாரை இழந்தவருக்கு உண்டாகும் வருத்தம் நாளடைவில் தணிவது இயல்பு. அவ்வாறன்றி, இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நாளின் பெரும்பகுதி உள்ளம் சோர்ந்திருத்தல், முன்பு விரும்பிய காரியங்களில் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுதல், அயர்ச்சி, தன்னையே பழித்துக்கொள்ளுதல், சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றுள் பல ஒருங்கே காணப்படுமாயின், அதனைச் சிகிச்சைக்குரிய நோயெனக் கொள்ளல் வேண்டும். அது மனவுறுதிக் குறைவன்று.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், இந்நோயுற்றோரில் நூற்றுக்குச் சுமார் 85 பேர் சிகிச்சை பெறவில்லை எனத் தெரியவந்தது. நிபுணர்கள் குறைவு, பயணத்துக்கும் மருந்துக்கும் ஆகும் செலவு மிகுதி. இவற்றினும் வலிய தடை ஒன்றுண்டு, அது கூச்சமாகும்.

திருவனந்தபுரத்தின் கரமனையை எடுத்துக்கொள்வோம். ஆற்றை ஒட்டிய தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. 1870இல் தொடங்கப்பெற்ற ஊளம்பாறை மனநல மையம் அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. ஆகவே தூரம் ஒரு பொருட்டன்று. ஆனால் ‘ஊளம்பாறை’ என்னும் பெயரே நெடுங்காலம் ஏளனச் சொல்லாக வழங்கியமையால், அவ்வாயிலை மிதிக்கப் பலரும் தயங்குவர். மேலும், அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் மலையாளம் பேசுவோருக்கும், உள்ளத்துயரை வீட்டு மொழியில் உரைப்பதே எளிது.

இவ்விரு இடர்களையும் குறைக்க வல்லது தொலைபேசி. 2022 அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு ‘டெலி-மானஸ்’ என்னும் சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணை இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். அழைப்பவர் தமக்குரிய மொழியைத் தெரிந்தெடுக்கலாம்; சேவை நடைபெறும் 20 மொழிகளில் தமிழும் ஒன்று. பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலில் பேசுவார். தேவை ஏற்படின் மனநல மருத்துவரோடு இணைப்பார். அல்லது நேரில் செல்லவேண்டிய மருத்துவமனையைக் குறிப்பிடுவார். கேரள அரசின் ‘திசா’ சேவையையும் 1056 என்ற எண்ணில் அழைக்கலாம்.

சொந்தத்தில் கைப்பேசி இல்லாதவருக்கும் தொலைவழிச் சிகிச்சை கிட்டக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் நிறுவனம் 2010ஆம் ஆண்டளவில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. நோயாளி அதனுள் அமர்ந்து, திரையில் தோன்றும் மருத்துவரோடு உரையாடுவார். மருந்தும் அப்பேருந்திலேயே வழங்கப்பட்டது.

இணையத்தில் உதவி தேடுவோர் சிலவற்றை நினைவிற்கொள்ளல் நலம். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருத்தல் வேண்டும். அதனைக் காட்ட மறுப்பவரையும், சில நாட்களில் பூரண குணம் என உறுதி கூறுவோரையும் நம்பலாகாது. இணையத்தில் காணும் ஒன்பது வினாக்கள் கொண்ட வினாப்பட்டியல் நோய் இருக்கக்கூடும் எனக் காட்டுமேயன்றி, நோயை நிச்சயிக்காது. தைராய்டு சுரப்புக் குறைவும் இத்தகைய சோர்வை உண்டாக்குமாதலால், உடற்பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். சிந்தனைப் பழக்கங்களைத் திருத்தும் பயிற்சிகளை இணைய வழியே பெறுவதும் பயன் தருகிறது. தனியே கற்பதினும், பயிற்சி பெற்றவர் ஒருவர் உடனிருந்து வழிகாட்டுவது சிறந்தது. மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். சற்றுக் குணம் கண்டவுடன் தாமாகவே அதனை நிறுத்துதல் தவறு.

தற்கொலை எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால், அதனை வெறும் பேச்சென்று தள்ளலாகாது. அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். 112 என்ற அவசர எண்ணையும் அழைக்கலாம். இத்தகைய நிலையில் தொலைபேசி உரையாடல் மட்டும் போதாது.

சிகிச்சை பெறுவோரின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படவேண்டும் என 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதிக்கிறது. ஆகவே அச்சத்தினால் காலம் தாழ்த்த வேண்டுவதில்லை. சோர்வுற்றவருக்கு எண்ணைச் சுழற்றவும் ஊக்கம் இராது என்பதை வீட்டார் உணரவேண்டும். அவருடைய சம்மதத்தைப் பெற்று, அவர் அருகிலமர்ந்து அந்த முதல் அழைப்பைத் தாமே செய்து கொடுப்பது பேருதவியாகும்.